கானகம் காத்த கார்பெட்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வடபுலம் வந்து குடியேறியவர்கள் நாம். நமக்குச் சோறிட்ட நாட்டில் வாழ்ந்து மறைந்த சான்றோரை அறிந்துகொள்ளுதல் நன்றியறிதலின் முதற்படியாகும். கங்கைச் சமவெளியும் இமயத்தின் அடிவாரமும் துறவியரையும் புலவரையும் தேசத் தொண்டரையும் மிகுதியாக ஈன்றுள்ளன. அவர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். ஆகவே, இவ்வாண்டு மலருக்கு நாம் தேர்ந்துகொண்டவர் வேறு வகையினர். புலிகளைச் சுட்டுப் பெயர்பெற்று, புலிகளைக் காத்ததனால் புகழ் நிலைத்த ஜிம் கார்பெட் அவர்.

இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நமக்கு அவர்பால் தனிப்பற்று உண்டாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவரும் நம் துறையினரே. அவர் வேலை பார்த்த வங்காள வடமேற்கு ரயில்வே, 1943-ஆம் ஆண்டில் அவத் திருத் ரயில்வேயாகி, பின்னர் 1952-ஆம் ஆண்டில் கோரக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடகிழக்கு ரயில்வேயில் கலந்தது. நாம் ஊதியம் பெறுவதும் அந்த ரயில்வேயிலேதான்.

ஓர் உயிரைக் கொல்லுவதில் வல்லவரான ஒருவர், அதே உயிருக்குக் காவலராக மாறியது எங்ஙனம்? மனித உள்ளம் காட்டோடு உறவு கொள்வதும் பகை கொள்வதும் எதனால்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு அவர் வாழ்க்கையை ஒருமுறை சுற்றிவருவோம்.

இளமைப் பருவம்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனிடாலில் பிறந்தார். அயர்லாந்து வழிவந்த குடும்பம். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். தாயார் மேரி ஜேன். பிள்ளைகள் பலர், வருவாயோ அளவானது. ஜிம்முக்கு 6 வயது நிரம்புமுன்னரே, 1881-இல், தந்தையார் காலமானார். குடும்பப் பாரம் தாயாரின்மீதும் மூத்த பிள்ளைகளின்மீதும் விழுந்தது.

கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்று அக்குடும்பம் ஆண்டுதோறும் இடம் மாறி வாழ்ந்தது. காலாதுங்கியில் வீட்டைச் சூழ்ந்து காடு. அக்காடே அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. முதலில் கவண், பின்னர் வில்லும் அம்பும், அதன்பின் ஒரு குழல் பிளந்துபோன பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி என்று படிப்படியாகக் கருவிகள் கைக்கு வந்தன. குன்வர் சிங் என்னும் கிராமத் தலைவர் ஆசிரியராக வாய்த்தார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் திருட்டு வேட்டைக்காரர். காட்டின் கண்ணுக்கோ பெரும்புலவர். வழி தவறாமல் நடப்பதும், மரமேறுவதும், காலடித் தடத்தை வாசிப்பதும் அவரிடமிருந்தே சிறுவன் கற்றான்.

புள்ளிமானின் எச்சரிக்கைக் குரலுக்கும் மந்தியின் குரலுக்கும் பொருள் என்ன, அக்குரல் எழுந்த திசையில் நடமாடுவது புலியா சிறுத்தையா, அது படுத்திருக்கின்றதா நடக்கின்றதா என்றெல்லாம் செவியாலேயே அறியும் ஆற்றல் நாளடைவில் கார்பெட்டுக்குக் கைவந்தது. அச்சம் இல்லாமலில்லை. இரவில் தனியே காட்டில் தீமூட்டி உறங்கிய சிறுவனுக்கு அச்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று பகுத்தறியக் கற்றபின், அவ்வச்சமே அவருக்குக் காவலாயிற்று. தெரியாத பொருளிடத்துத் தோன்றும் அச்சம் வெறுப்பாக முற்றுகின்றது. தெரிந்த பொருளிடத்துத் தோன்றும் அச்சம் மதிப்பாகக் கனிகின்றது. இந்த உண்மையைப் பின்னால் நாம் மீண்டும் காண்போம்.

விறகும் ரயிலும்

மேற்படிப்புக்குப் பொருள் வசதி இல்லை. நைனிடால் பள்ளிப் படிப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இருபது வயது நிரம்பாத இளைஞராக வங்காள வடமேற்கு ரயில்வேயில் எரிபொருள் ஆய்வாளர் வேலையில் அமர்ந்தார். அக்காலத்தில் அந்த ரயில்வேயின் எஞ்சின்களுக்கு விறகே உணவு. காட்டில் கூடாரமடித்து, ஆட்களைக் கொண்டு மரங்களை வெட்டி, அளவாகத் துண்டுபோட்டு, வண்டிகளில் ஏற்றி இருப்புப்பாதைவரை அனுப்புவதே அவர் கடமை. அவர் பொறுப்பில் வெட்டப்பட வேண்டிய மரத்தின் அளவு 5 லட்சம் கன அடி.

இங்கேதான் அவர் உள்ளத்தில் முதற்சலனம் தோன்றியிருக்க வேண்டும் என்பது நம் துணிபு. மரம் விழும்போது கூடுகளும் விழுந்தன. புதர்களில் பதுங்கியிருந்த குட்டிகள் தாயை இழந்தன. அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் முயற்குட்டிகளையும் மான்கன்றுகளையும் தம் கூடாரத்திற்கு எடுத்துவந்து வளர்த்தார். பகலெல்லாம் கோடரி வேலை. இரவில் அக்கோடரியால் வீடிழந்த உயிர்களுக்குத் தாய் வேலை! தாம் செய்யும் தொழிலின் விளைவைத் தம் கண்ணாலேயே கண்டவர் அவர். ஓடும் ரயிலில் அமர்ந்திருந்த பயணிக்கு அது தெரியாது. தலைமை அலுவலகத்தில் கன அடிக் கணக்கெழுதிய எழுத்தருக்கும் தெரியாது. கணக்கேட்டில் மரம் வெறும் எண்ணாகிவிடுகின்றது. எழுத்தராகிய நாம் இதனை நன்கு உணர்வோம்.

அதன்பின் மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. கங்கையின் தென்கரையில் அகலப்பாதை. வடகரையில் மீட்டர் பாதை. இடையே பாலம் கிடையாது. அகலப்பாதை வண்டிகளில் வந்த சரக்கு முழுவதையும் தலைச்சுமையாகவும் கைச்சுமையாகவும் இறக்கி, ஆற்றைக் கடத்தி, வடகரைக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன்! தொடக்கத்தில் கூலி கொடுக்கவும் பணம் வந்து சேரவில்லை. தொழிலாளரோடு தாமும் மண்வெட்டி பிடித்து, அவர்களோடு அரைப்பட்டினி கிடந்து அப்பணியை நிலைநிறுத்தினார். 20 ஆண்டுகளுக்குமேல் அவ்விடத்தில் உழைத்தார்.

நிலைய அதிகாரி ராம் சரணும் அவரும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினர். உயர்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே வீட்டிற்குள் அமரலாகாது என்பது அக்கால வழக்கம். கொட்டகையில் அமரத் தடையில்லை. ஆகவே, ராம் சரண் வீட்டின் சுவர்களை எடுத்துவிட்டார், பள்ளிக்கூடம் கொட்டகையாயிற்று, பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து படித்தனர். 1959-இல் மொகாமாவில் ராஜேந்திர பாலம் திறக்கப்பட்டபின் அத்துறையின் பரபரப்பு ஓய்ந்தது. ஆயினும், அங்கே உழைத்த ஏழைகளின் நினைவு, கார்பெட் 1952-இல் வெளியிட்ட எனது இந்தியா என்னும் நூலில் நிலைபெற்றிருக்கின்றது.

முதல் உலகப் போரில் குமாவூன் தொழிலாளர் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றதும், இரண்டாம் உலகப் போரில் படைவீரர்க்குக் காட்டுப் போர்ப் பயிற்சி அளித்ததும் அவருடைய பிற பணிகள்.

ஆட்கொல்லிகளும் அவற்றின் காரணமும்

கார்பெட்டின் பெயரை உலகறியச் செய்தவை ஆட்கொல்லி வேட்டைகள். 1907-இல் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மக்களைக் கொன்று வந்தது. நேபாளத்தில் 200 பேரையும் குமாவூனில் 236 பேரையும் அது கொன்றதாகக் கணக்கிட்டனர். பாலி என்னும் கிராமத்தில் மக்கள் கதவடைத்து உள்ளேயே கிடந்தனர். வயலில் பயிர் வீணாயிற்று. கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அப்புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத்தொகையை அரசாங்கம் திரும்பப்பெற வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களை அப்புறப்படுத்த வேண்டும். கூலிக்குக் கொல்பவராகத் தம்மை எவரும் எண்ணுவதை அவர் விரும்பவில்லை. சம்பாவத் தாசில்தாரின் துணையோடு கிராமத்தார் 298 பேர் மலையைச் சூழ்ந்து ஒலியெழுப்ப, அப்பெண்புலியை அவர் சுட்டு வீழ்த்தினார்.

பின்னர் நடந்ததே நம் கருத்துக்கு உரியது. இறந்த புலியின் வாயை அவர் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேற்கோரைப்பல்லும் கீழ்க்கோரைப்பல்லும் பழைய துப்பாக்கிக் குண்டொன்றினால் உடைந்திருந்தன. இயற்கையான இரையைப் பிடிக்க இயலாமல்தான் அது மனிதரை நாடியது. முக்தேசர் ஆட்கொல்லியின் உடலில் ஏறத்தாழ 50 முள்ளம்பன்றி முட்கள் தைத்திருந்தன; ஒரு கண்ணும் போயிருந்தது. ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்று, கேதாரம், பதரி செல்லும் அடியார்களை நடுங்கவைத்தது; இலண்டன் நாடாளுமன்றத்திலும் அதுபற்றிக் கேள்வி எழுந்தது. கொள்ளைநோய்க் காலங்களில் எரிக்கப்படாமல் விடப்பட்ட பிணங்களைத் தின்று பழகிய சிறுத்தைகளே, நோய் தணிந்தபின் உயிருள்ள மனிதரைத் தேடுகின்றன என்று கார்பெட் விளக்கினார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் அச்சிறுத்தை அவர் குண்டுக்கு இரையாயிற்று. மலைமக்கள் அதனைப் பேயென்றே நம்பியிருந்தனர். விடிந்து பார்த்தபோது, முதுமையுற்ற சிறுத்தை ஒன்றுதான் அங்கே கிடந்தது.

பேய் என்று எண்ணும்வரை மனிதன் செய்யக்கூடியது அஞ்சுவதும் அழிப்பதுமே. காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த வினா தானே பிறக்கின்றது. அந்தக் குண்டைச் சுட்டவன் யார்? புலியின் இரையைக் குறைத்தவன் யார்? ஆட்கொல்லியைத் தேடிச் சென்ற கார்பெட், அதன் பின்னால் மனிதனின் கையைக் கண்டார். ஆட்கொல்லி அல்லாத புலி மனிதனுக்குப் பகையன்று என்பதை அவர் ஓயாமல் எடுத்துரைத்தார். புலிகள் வாழும் காட்டிலேதான் ஊர்ப்பெண்கள் நாள்தோறும் புல்லறுத்து வீடு திரும்பினர் என்பதே அவர் காட்டிய சான்று.

துப்பாக்கியிலிருந்து படக்கருவிக்கு

ஒரே நாளில் அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால், அது உண்மைக்குப் பொருந்தாது. வன அதிகாரி சாம்பியன் என்பவர் புலிகளை இயற்கைச் சூழலில் படமெடுத்து 1927-இல் நூலாக வெளியிட்டார். அவர் வழியைப் பின்பற்றிக் கார்பெட்டும் படக்கருவியைக் கையிலெடுத்தார். அசையும் படம் எடுக்கையில் கருவியின் ஓசை கேட்டுப் புலிகள் விலகிப்போயின. எனவே, காட்டோடையில் சிற்றணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கருவியின் ஓசை மறையுமாறு செய்து, மாதக்கணக்கில் காத்திருந்தார். சுடுவதற்கு ஒரு நொடி போதும்; ஒரு புலி அச்சமின்றி நீரருந்தும் காட்சியைப் படமாக்க மாதங்கள் வேண்டும்.

எனினும், 1930-இல் பவல்கரின் பிரம்மச்சாரி என்று பெயர்பெற்ற பெரும்புலியை அவர் சுட்டார். 10 அடி 7 அங்குல நீளமுடைய அப்புலி ஆட்கொல்லி அன்று. வனவிலங்குப் பாதுகாப்பைப் பேசிவந்த காலத்திலும் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைகளுக்கு அவர் துணைநின்றார். இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்க நாம் விரும்பவில்லை. பழக்கம், பெருமை, நட்பு, அதிகாரத்தின்மீது மதிப்பு ஆகியவை ஒருபுறம் இழுக்க, அறிந்த உண்மை மறுபுறம் இழுக்க, இரண்டுக்கும் இடையே மெல்ல மெல்ல நகர்ந்தவர் அவர். மனித மனம் பெரும்பாலும் இவ்வாறே திருந்துகின்றது. அதனாலேயே அவர் வாழ்வு நமக்குப் பாடமாக அமைகின்றது.

பள்ளிகளுக்குச் சென்று, பறவைகளின் ஒலியையும் புலியின் முழக்கத்தையும் தாமே எழுப்பிக் காட்டிப் பிள்ளைகளை மகிழ்வித்து, அவ்வழியே காட்டின்மீது அன்பை விதைத்தார். 1936-இல் ஆளுநர் மால்கம் ஹெய்லியின் பெயரால் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ராம்கங்கை ஆற்றங்கரைக் காட்டில் அமைந்தபோது, அதன் எல்லையை வகுப்பதில் கார்பெட்டின் காட்டறிவு துணைநின்றது.

காடு யாருடையது?

அதே மலைநாட்டில், அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1911 முதல் 1917 வரை குமாவூனின் பெரும்பகுதிக் காடுகளை அரசாங்கம் தன் ஒதுக்குக் காடுகளாக்கிற்று. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் கட்டுப்பாடு வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமது என்று எண்ணியிருந்த காடு, ஒருநாள் காலையில் பிறருடையதாயிற்று. 1921-இல் மக்கள் பல இடங்களில் காட்டுக்குத் தீ வைத்தனர். எரிந்தவற்றுள் மிகுதியானவை, வணிகத்திற்காக அரசாங்கம் பேணிய பிசின் தரும் பைன் மரக்காடுகள். கால்நடைக்குத் தழை தரும் மரக்காடுகளை அவர்கள் பெரிதும் விட்டுவைத்தனர்.

அவர்களைக் காட்டின் பகைவர் என்று சொல்லலாமா? அரசாங்கமே பின்னர் உண்மையை உணர்ந்து, 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகளை வகுத்து, காடுகளின் ஒரு பகுதியை ஊராரின் பொறுப்பில் விட்டது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் கர்வால் மலைச்சிற்றூர் மக்கள் ஒப்பந்தக்காரர்களின் கோடரிக்கு எதிராக மரங்களைக் கட்டியணைத்துக் காக்க முன்வந்தனர். சிப்கோ என்று உலகம் போற்றும் இயக்கம் அது. ஐம்பது ஆண்டு இடைவெளியில், ஒரே மலைநாட்டு மக்களிடம், ஓரிடத்தில் தீப்பந்தம், மற்றோரிடத்தில் அணைப்பு! நமது என்னும் உணர்வு பறிபோனபோது பகை. அவ்வுணர்வு எழுந்தபோது காவல். வேறு விளக்கம் தேவையில்லை.

கார்பெட் இதனைத் தம் வாழ்க்கையில் செய்துகாட்டினார். காலாதுங்கியை அடுத்த சோட்டி ஹல்துவானி என்னும் பாழடைந்த கிராமத்தை, ஏறத்தாழ 220 ஏக்கர் நிலத்தோடு, அவர் 1915-இல் விலைக்கு வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். காட்டுப்பன்றிகளும் மான்களும் பயிரை அழித்தன. இரவெல்லாம் கண்விழித்துப் பயிர்காக்கும் ஏழையிடம் போய் விலங்குகளிடம் அன்பு காட்டு என்று சொல்லுவது கொடுமையன்றோ? அவர் அவ்வாறு சொல்லவில்லை. கிராமத்தைச் சுற்றி 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கல்மதில் எழுப்பினார். மதிலுக்கு அப்பால் விலங்கும், இப்பால் உழவனும் தத்தம் எல்லையில் வாழ்ந்தனர். உழவனுடைய நட்டத்தைத் துடைத்தால் அவன் வெறுப்பும் குறையும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இறுதிக் காலம்

கார்பெட் மணம் புரிந்துகொள்ளவில்லை. தமக்கை மாகியே அவருக்கு வாழ்நாள் துணை. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையரை, இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளையர் சற்றுத் தாழ்வாகவே நடத்தினர். கார்பெட்டோ மலைமக்களின் மொழியில் அவர்களுள் ஒருவராகவே பேசினார். அவர்கள் நோய்க்கு மருந்தும் கொடுத்தார். எனினும் 1947-இல், நாடு விடுதலையடைந்த பின்னர், தம் போன்றோர்க்கு இனி இடமிருக்குமோ என்னும் ஐயத்தால், உடன்பிறந்தாளோடு கென்யா நாட்டு நியேரி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். கிராமத்து நிலம் குடியானவர்களுக்கே உரியதாயிற்று. பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழ்வதன் வேதனையை நாம் அறிவோம். 72 வயதில் அதனை ஏற்ற அம்முதியவரின் உள்ளம் எப்பாடு பட்டிருக்கும்!

1944-இல் வெளிவந்த குமாவூன் ஆட்கொல்லிகள் என்னும் நூல் அவரை உலகப் புகழாளராக்கிற்று. 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், 79-ஆம் வயதில், நியேரியில் காலமானார். அவர் மறைந்தபின், அவர் எல்லை வகுக்க உதவிய தேசியப் பூங்காவுக்கு இந்திய அரசாங்கம் அவர் பெயரையே சூட்டியது. ஆண்ட இனத்தார் ஒருவரின் பெயரை, விடுதலை பெற்ற நாடு தானே விரும்பி ஒரு காட்டுக்குச் சூட்டிற்றென்றால், அது அவர் அன்புக்குக் கிடைத்த சான்றன்றோ? 1968-இல் இந்தோசீனப் புலி வகைக்கும் விலங்கியல் அறிஞர் அவர் பெயரை வைத்தனர். காலாதுங்கியில் அவர் வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

நாம் கொள்ள வேண்டியது

1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த புலிகள் 1,827 மட்டுமே. 1973 ஏப்ரல் 1-ஆம் நாள் புலிகள் பாதுகாப்புத் திட்டம் கார்பெட் பூங்காவில் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி புலிகளின் எண்ணிக்கை 3,682. அவற்றுள் கார்பெட் காப்பகத்தில் மட்டும் 260. மகிழத்தக்க செய்திதான். ஆனால், புலி பெருகும் காட்டின் ஓரத்தில் வாழ்பவன் நகரத்தான் அல்லன். ஆடு மாடுகளை இழப்பவனும், சில வேளைகளில் மகனையோ மனைவியையோ இழப்பவனும் அக்காட்டோரத்து ஏழையே. தொலைவிலிருந்து புலியை நேசிக்கும் நமக்கு அந்நேசத்தால் செலவு ஒன்றுமில்லை. அருகிலிருப்பவனே நமக்காகவும் சேர்த்து விலை கொடுக்கின்றான். அவனுடைய இழப்புக்கு உரிய ஈடு உரிய நேரத்தில் சென்று சேர்வதும் புலியைக் காக்கும் பணியின் பகுதியேயாகும்.

விறகு எரித்த எஞ்சின்கள் மறைந்துவிட்டன. ஆயினும், நம் இருப்புப்பாதைகள் இன்றும் காடுகளை ஊடறுத்தே செல்லுகின்றன. யானைகள் வண்டியில் அடிபட்டு மாளும் செய்திகள் இன்றும் வருகின்றன. அத்தகைய பகுதிகளில் வண்டியின் வேகத்தைக் குறைக்கும்படி உத்தரவு வந்தால் காலதாமதம் என்று முணுமுணுக்கும் பயணிகள் உளர். அந்தச் சில நிமிடங்களே அக்காட்டுக்கு நாம் செலுத்தும் கட்டணம் என்று கொள்ளலாகாதா?

சங்கத்து அன்பர்கள் குடும்பத்தோடு ராம்நகர் செல்லும் வாய்ப்பு நேரின், பிள்ளைகளுக்குப் புலியைக் காட்டினால் போதும் என்று எண்ண வேண்டா. புலி கண்ணில் படாமலும் போகலாம். மான் ஏன் குரலெழுப்புகின்றது, மந்தி ஏன் கிளையில் பதறுகின்றது, மணலில் உள்ள தடம் எதனுடையது என்று கேட்கப் பழக்குவோம். காட்டோரத்து ஊரில் சிறிது நின்று, அங்குள்ளோர் வாழ்க்கையையும் கேட்டறிவோம். அறிவு வளர்ந்தால் வீணச்சம் அகலும். வீணச்சம் அகன்றால் அன்பு தோன்றும். அன்பு தோன்றிய இடத்தில் காவல் தானே அமையும். கார்பெட் என்னும் பெருமகனார் நெடுங்காலம் நடந்து கண்ட வழி இதுவே. அவ்வழியில் நம் பிள்ளைகள் இளமையிலேயே நடக்கத் தொடங்குவார்களாக! கானகம் வாழ்க! அதன் அருகே வாழும் எளியோரும் வாழ்க!